தானே நிரம்பும் சரிபார்ப்பு எண்: வசதியும் பொறுப்பும்

மக்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையே நம்பிக்கை நிலவ வேண்டுமானால், வந்திருப்பவர் இன்னார்தாம் என்று உறுதி செய்யும் முறை ஒன்று வேண்டும். முன்னாளில் கையொப்பமும், கைநாட்டும், தெரிந்த ஒருவரின் சாட்சியமும் இந்தப் பணியைச் செய்து வந்தன. இன்று வங்கிக் கணக்கு, எரிவாயு உருளைப் பதிவு, கல்லூரி விண்ணப்பம், ஆதார் வழியான சேவைகள் ஆகிய பலவற்றின் வாயிலிலும் சில இலக்கங்களைக் கொண்ட எண் ஒன்று காவல் நிற்கிறது. கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்து, சில நிமிடங்களே உயிர் வாழ்ந்து, ஒருமுறை பயன்பட்டபின் மறைந்துபோகும் இந்த எண்ணை மக்கள் ‘ஓ.டி.பி.’ என்று அழைக்கின்றனர்.

அண்மை ஆண்டுகளில் இவ்வெண்ணைக் கையால் தட்டச்சு செய்யும் வேலையும் குறைந்து வருகிறது. செய்தி வந்ததும் உரிய கட்டத்தில் எண் தானே நிரம்பிவிடுகிறது. பயன்படுத்துவோருக்கு இது சிறியதொரு வசதி. ஆயினும் இதன் பின்னால் பெரியதொரு கேள்வி இருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்தது யார்? எந்த அனுமதியின் பேரில் படித்தது? ஏனைய செய்திகளையும் அது படிக்கிறதா? இவற்றுக்கான விடையைப் பொறுத்தே, தானே நிரம்பும் எண் மக்களுக்குத் துணையாகவோ கேடாகவோ அமைகிறது. செயலிகளை எழுதப்போகும் மாணவர்களும், அவற்றை எழுதுவித்து மக்களிடம் வழங்கும் அலுவலர்களும் இதனை ஆராய்ந்து தெளிதல் அவசியமாகும்.

எண் வந்த வரலாறு

குறுஞ்செய்தியின் வரலாறு 1992 டிசம்பர் 3 அன்று தொடங்குகிறது. பிரிட்டனில் நீல் பாப்வொர்த் என்னும் இளம் பொறியாளர் கணினியிலிருந்து ஒரு கைப்பேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். சிறு தகவல்களை மலிவாக அனுப்புவதற்கென வகுக்கப்பட்ட வழி அது. பணத்துக்குக் காவல் நிற்கும் பணி பிற்காலத்தில் அதன்மேல் ஏற்றப்பட்டதாகும்.

இந்தியாவில் இப்பணி அதற்கு வந்து சேர்ந்ததில் பாரத ரிசர்வ் வங்கியின் ஆணைக்குப் பெரும் பங்கு உண்டு. 2009 பிப்ரவரியில் பிறப்பித்த ஆணையின்படி, அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல், இணையத்தின் வழியே அட்டையைக் கொண்டு பணம் செலுத்தும்போது, அட்டையில் அச்சிட்டுள்ள விவரங்களுக்கு அப்பால் மேலும் ஒரு சான்று கட்டாயமாயிற்று. அட்டையைத் திருடியவர் அதிலுள்ள எண்களை மட்டும் வைத்துக்கொண்டு பொருள் வாங்கிவிட முடியாது என்பது இதன் பயன். அந்தக் கூடுதல் சான்று எதுவாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வரையறுக்கவில்லை. எனினும் நடைமுறையில் குறுஞ்செய்தி வழியாக வரும் எண்ணே நிலைபெற்றது. சாதாரணப் பொத்தான் கைப்பேசிக்கும் அது வந்து சேரும். அதைப் பெறுவதற்கு இணைய இணைப்போ புதிய கருவியோ வேண்டியதில்லை. பரந்த இந்நாட்டுக்கு இது பொருந்திய வழியாக அமைந்ததில் வியப்பில்லை.

ஆதார் எண்ணைச் சார்ந்த சேவைகளும், 2015 ஜூலையில் தொடங்கிய டிஜிலாக்கர் ஆவணப் பெட்டகமும், 2017 நவம்பரில் வந்த உமங் செயலியும் இதே வழியைப் பின்பற்றின. 2021-ஆம் ஆண்டில் கோவிட் தடுப்பூசிக்காகக் கோவின் தளத்தில் பதிவு செய்தோரும் இவ்வாறு வந்த எண்ணைக் கொண்டே உள்ளே சென்றனர்.

யாருக்கு இந்த வசதி தேவை

சில இலக்கங்களைத் தட்டுவது ஒரு நொடி வேலை. அதற்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று நகரத்து இளைஞர் கேட்கக்கூடும். கைப்பேசியுடன் வளராத ஒருவரின் நிலையை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். செயலியை விட்டு வெளியே வந்து, செய்திப் பெட்டியைத் திறந்து, பல செய்திகளுக்கிடையே உரியதைக் கண்டுபிடித்து, எண்ணை மனத்தில் இருத்திக்கொண்டு, மீண்டும் செயலிக்குத் திரும்பி, காலக்கெடு முடிவதற்குள் பிழையின்றி அதைப் பதிய வேண்டும். நினைவகம் குறைந்த மலிவான கைப்பேசியில், செய்திப் பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் பின்னால் இருந்த செயலி மூடிக்கொள்வதும், திரும்பி வரும்போது விண்ணப்பத்தின் முதற்பக்கமே மீண்டும் தோன்றுவதும் உண்டு. நிரப்பியவை அனைத்தும் வீணாகிவிடும்.

பார்வையற்றோரின் இடர் வேறு வகையானது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை அவர்கள் நம்பியிருக்கின்றனர். வங்கியின் வரிசையிலோ பேருந்திலோ இருக்கும்போது, இரகசியமாகக் காக்க வேண்டிய எண் உரக்க ஒலித்துவிடக்கூடும். எண் தானே நிரம்பினால் அதை ஒலிக்கச் செய்ய வேண்டிய தேவையே எழாது.

இவற்றினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. தாமே செய்ய இயலாதவர்கள் கைப்பேசியை அண்டை வீட்டாரிடமோ கணினி மையத்தில் இருப்பவரிடமோ கொடுத்து, வந்த எண்ணைப் படித்துக் காட்டச் சொல்கின்றனர். எண்ணைப் பிறரிடம் சொல்வது இவ்வாறு இயல்பான பழக்கமாகிவிடுகிறது. வங்கியிலிருந்து பேசுவதாகத் தொலைபேசியில் நடிக்கும் மோசடிக்காரர் இந்தப் பழக்கத்தையே பயன்படுத்திக்கொள்கிறார். எண்ணைச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பங்கள் குறையக் குறைய, அதைக் கேட்பவர்மீது ஐயம் தோன்றுவது எளிதாகும். ஆகவே தானே நிரம்பும் எண்ணை வெறும் சொகுசு என்று ஒதுக்கிவிட முடியாது. அதைச் சரியாக அமைப்பது எப்படி என்பதே ஆராய வேண்டியதாகும்.

முழுப் பெட்டியின் சாவி

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தொடக்க காலச் செயலிகள் கையாண்ட வழி மிக எளியது. குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி வேண்டும் என்று செயலி கேட்கும், பயனாளர் இசைவார், அதன்பின் வரும் செய்திகளைப் பார்த்து எண்ணை எடுத்துக்கொள்ளும். 2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டின் ஆறாம் பதிப்பு முதல், இத்தகைய அனுமதிகளைச் செயலி இயங்கும்போதே தனித்தனியாகக் கேட்டுப் பெற வேண்டும் என்ற நிலை வந்தது. இது முன்னேற்றமே. ஆயினும் அடுத்த பக்கத்துக்குச் சென்றால் போதும் என்ற அவசரத்தில் இருப்பவர் ‘அனுமதி’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு மேலே செல்கிறார்.

அவர் கொடுத்தது எவ்வளவு பெரிய அனுமதி என்பது சிந்திக்கத்தக்கது. சாதாரணக் குடும்பத்தின் செய்திப் பெட்டியில் சம்பளம் வந்த நாள், கணக்கில் உள்ள இருப்பு, கடன் தவணை, மருத்துவமனைச் சந்திப்பு, பிள்ளைகளின் தேர்வு முடிவு ஆகிய யாவும் இருக்கும். ஒரேயொரு கடிதத்தை எடுத்து வருவதற்காக வீட்டுப் பெட்டகத்தின் சாவியையே ஒப்படைப்பதற்கு இது ஒப்பாகும். மேலும் அச்சாவி திரும்பி வருவதில்லை. பயனாளர் நினைவு வைத்துக்கொண்டு அனுமதியை நீக்கினாலன்றி அது பொதுவாகத் தொடர்ந்து செயலியின் கையிலேயே இருக்கும்.

இவ்வனுமதியைத் தீயோர் பயன்படுத்தும் முறை தெளிவானது. திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராத அறிவிப்பு என்றும், அரசு உதவித்திட்டம் என்றும் பெயரிட்ட செயலிக் கோப்பு ஒன்று வாட்ஸ்ஆப் வழியாக வருகிறது. அதை நிறுவியதும் குறுஞ்செய்தி அனுமதியைக் கேட்கிறது. கிடைத்தபின், வரும் செய்திகளையெல்லாம் ஓசையின்றி வேறோர் இடத்துக்கு அனுப்பத் தொடங்குகிறது. பிறகு மோசடிக்காரர் எங்கிருந்தோ அந்தக் கணக்கில் நுழைய முயல்கிறார். எண் உரியவரின் கைப்பேசிக்கு வருகிறது; அடுத்த கணமே அது மோசடிக்காரருக்கும் கிடைத்துவிடுகிறது. பணத்தை இழந்தவர் எவரிடமும் எண்ணைச் சொல்லவில்லை. ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்ற அறிவுரை நல்லதே எனினும், அது மட்டும் போதாது என்பதற்கு இது சான்றாகும்.

இதனை உணர்ந்து கூகுள் நிறுவனம் 2018 அக்டோபரில் தன் செயலிக் கடைக்கான விதிகளைக் கடுமையாக்கியது. 2019-இன் தொடக்கம் முதல், செய்திகளைக் கையாள்வதையே தொழிலாகக் கொண்ட செயலிகளும், விதிவிலக்குப் பெற்ற சில வகைகளும் தவிர, ஏனையவை குறுஞ்செய்தி அனுமதியைக் கேட்கக் கூடாது என்றாயிற்று. கடைக்கு வெளியிலிருந்து வரும் கோப்புகளுக்கு இவ்விதி எட்டாது. அக்குறையைக் களைவதற்காக, இத்தகைய அனுமதிகளைக் கோரும் வெளிச் செயலிகள் நிறுவப்படுவதையே தடுக்கும் பாதுகாப்பு முறை 2024-இல் சிங்கப்பூரிலும், பின்னர் இந்தியாவிலும் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது.

ஒரு செய்தி மட்டும்

செய்திப் பெட்டி முழுவதையும் திறக்காமலே எண்ணை நிரப்பும் வழிகள் இன்று உள்ளன. அவற்றின் உட்கருத்து ஒன்றே. கைப்பேசியின் இயக்க முறைமை ஏற்கெனவே எல்லாச் செய்திகளையும் கையாளுகிறது. அதுவே உரிய செய்தியைத் தேர்ந்தெடுத்து, உரிய செயலிக்கு மட்டும் கொடுத்தால், செயலிக்குத் தனி அனுமதி தேவைப்படாது.

ஆப்பிள் நிறுவனம் 2018-இல் ஐபோனில் புகுத்திய முறையில், செய்தியில் உள்ள எண்ணை இயக்க முறைமை கண்டறிந்து விசைப்பலகையின் மேற்புறத்தில் காட்டும். பயனாளர் அதைத் தொட்டால் மட்டுமே கட்டத்தில் நிரம்பும். செயலிக்குக் கிடைப்பது எண் மட்டுமே. செய்தியை அது பார்ப்பதேயில்லை.

ஆண்ட்ராய்டில் கூகுள் வகுத்த முதல் முறையில், குறுஞ்செய்தியின் இறுதியில் 11 குறிகள் கொண்ட ஒரு சரம் சேர்க்கப்படும். செயலியின் பெயரையும், அதை வெளியிட்டவரின் மின்னணுக் கையொப்பத்தையும் சேர்த்துக் கணித்துப் பெறும் அடையாளம் அது. அந்த அடையாளத்துக்குரிய செயலிக்கு மட்டும் அச்செய்தி வழங்கப்படும். செயலி கோரிய நேரத்திலிருந்து 5 நிமிடங்கள் வரையே இந்தக் காத்திருப்பு நீடிக்கும். இரண்டாவது முறை, செய்தியின் வடிவத்தை மாற்ற இயலாத இடங்களுக்கு உரியது. செய்தி வந்ததும், ‘இந்த ஒரு செய்தியை இச்செயலி படிக்கலாமா?’ என்று திரையில் கேட்கப்படும். பயனாளர் இசைந்தால் அந்த ஒன்று மட்டும் கொடுக்கப்படும்.

மூன்றாவது முறை இணையதளங்களுக்கானது. 2020-இல் ஆப்பிள் பொறியாளர்கள் முன்வைத்த இம்முறையில், செய்தியின் கடைசி வரியில் ‘@’ குறியை அடுத்து இணையதள முகவரியும், ‘#’ குறியை அடுத்து எண்ணும் இடம்பெறும். கூகுளின் குரோம் உலாவியும் அவ்வாண்டே இவ்வடிவத்தை ஏற்றது. வங்கியின் பெயரில் போலித்தளம் ஒன்றை அமைத்து மக்களை அங்கே வரவழைத்தாலும், முகவரி பொருந்தாமையால் எண் அங்கே தானாக நிரம்பாது. வழக்கமாக நிரம்பும் எண் இன்று ஏன் நிரம்பவில்லை என்ற கேள்வியே எச்சரிக்கையாக அமையும். முறையாக அமைத்த தானியக்கம் பாதுகாப்பையும் கூட்டுகிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பங்கள் சில உள்ளன. அந்த 11 குறிகள் இரகசியம் அல்ல. கடிதத்தின்மேல் எழுதிய முகவரி போன்றவை. செயலியின் கையொப்பச் சாவி மாறினால் அவையும் மாறும். சோதனைப் பதிப்பில் சரியாக நிரம்பிய எண், வெளியீட்டுப் பதிப்பில் நிரம்பாமற்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எண்ணைச் சரிபார்க்கும் வேலை எப்போதும் வழங்கியிலேயே நடைபெற வேண்டும். நிரப்புவதை எளிதாக்குவதாக நினைத்து, வழங்கி அந்த எண்ணை இணையத்தின் வழியே நேராகச் செயலிக்கே அனுப்பிவிட்டால், கைப்பேசி எண் உரியவரின் கையில் உள்ளது என்பதற்கான சான்று அங்கேயே அழிந்துபோகும். ஆறு இலக்கங்களில் 10 இலட்சம் எண்கள் அடங்கும். மூன்று முயற்சிகளுக்கு மேல் இடமில்லை என்று வரம்பு கட்டினால், குருட்டாம்போக்கில் வெற்றி பெறும் வாய்ப்பு 10 இலட்சத்தில் மூன்றே. வரம்பு இல்லையெனில், கணினி ஒன்று எல்லா எண்களையும் வரிசையாக முயன்று பார்த்துவிடும்.

எழுபது குறிகளுக்குள் தாய்மொழி

செய்தி எந்த மொழியில் வருகிறது என்பது வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டோர் சிறப்பாகக் கருத வேண்டிய ஒன்று. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கில எழுத்துகளில் இதற்குள் 160 குறிகள் அடங்கும். தமிழ், இந்தி, வங்காளம் முதலிய மொழிகளுக்குரிய யூனிகோடு முறையில் 70 குறிகளே அடங்கும். அதற்கு மேற்பட்டால் செய்தி பகுதிகளாகப் பிரிந்து, பகுதிக்கு 67 குறிகளாகச் செல்லும். அனுப்புவோருக்குக் கட்டணமும் பகுதிக் கணக்கில் உயரும். மேலும் ‘மி’ என்பது கண்ணுக்கு ஓரெழுத்தாயினும் கணினிக்கு இரண்டு குறிகள்: ஒன்று மெய்யின் வடிவம், மற்றொன்று உயிரின் அடையாளம்.

ஆகவே இந்திய மொழியில் செய்தி அனுப்ப இயலாது என்று சிலர் சொல்லக்கூடும். கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ‘தங்கள் மின் கட்டணம் ரூபாய் 500 செலுத்துவதற்கான சரிபார்ப்பு எண் 482913’ என்று எழுதினால் 69 குறிகள் ஆகிவிடுகின்றன. எச்சரிக்கைக்கு இடமில்லை, செயலியின் அடையாளத்துக்கும் இடமில்லை. அதையே ‘மின் கட்டணம் ரூ.500: எண் 482913. யாரிடமும் சொல்லாதீர்.’ என்று சுருக்கினால் 54 குறிகள்தாம். ஓர் இடைவெளியும் 11 குறிகள் கொண்ட அடையாளமும் சேர்ந்தாலும் 66-ஐத் தாண்டவில்லை. நோக்கம், தொகை, எண், எச்சரிக்கை, அடையாளம் ஆகிய ஐந்தும் ஒரே செய்திக்குள் அடங்கிவிட்டன. அனுப்பும் நிறுவனத்தின் பெயர் செய்தியின் தலைப்பிலேயே வந்துவிடும். கவனத்துடன் எழுதினால் தாய்மொழிக்கு இடம் உண்டு என்பது இதனால் விளங்கும்.

நோக்கத்தை முதலில் வைப்பதற்கும் காரணம் உண்டு. கைப்பேசித் திரையின் மேற்புறத்தில் தோன்றும் அறிவிப்பில் செய்தியின் தொடக்கமே காணப்படும். எண் முதலில் நின்றால் கண் எண்ணோடு நின்றுவிடும். ‘மின் கட்டணம்’ என்பது முதலில் நின்றால், தாம் மின் கட்டணம் செலுத்தவில்லையே என்று ஒருவர் திடுக்கிட்டு நிறுத்திக்கொள்ள வாய்ப்பு உண்டு.

பார்க்காமல் கடக்கும் பழக்கம்

தானே நிரம்பும் முறை எவ்வளவு செம்மையானதாயினும் அதற்கொரு குறை உண்டு. கையால் எழுதும்போது பயனாளர் செய்தியை ஒருமுறையேனும் பார்க்கிறார். தொகை எவ்வளவு, யாருக்கு என்பது கண்ணில் படுகிறது. எண் தானே நிரம்பி, செயலியும் தானே அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிட்டால், செய்தியைப் பார்க்கும் வழக்கம் அற்றுப்போகிறது. நூறு ரூபாய் என்று எண்ணிப் பத்தாயிரம் ரூபாய்க்கு இசைவு தந்துவிடும் இடர் இங்கேதான் தோன்றுகிறது.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. எண் நிரம்பட்டும்; ஆனால் ‘உறுதி செய்க’ என்னும் பொத்தானைப் பயனாளரே அழுத்தட்டும். அந்தப் பொத்தானுக்கு அருகில் தொகையும் பெறுபவர் பெயரும் பெரிய எழுத்தில் நிற்கட்டும். நூலகப் பதிவு போன்ற சிறு காரியங்களில் எல்லாம் தானாக நடைபெறலாம். பணமோ, கடனோ, முகவரி மாற்றமோ சம்பந்தப்பட்ட இடங்களில் ஒரு கணம் நின்று பார்க்கும் வாய்ப்பைப் பறித்தல் ஆகாது.

தானியக்கம் பயன்படாத குடும்பங்களையும் மறக்கலாகாது. வீட்டுக்கு ஒரே கைப்பேசி இருக்கும். அதுவும் வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் பையில் இருக்கும். கோவின் தளத்தில் ஒரு கைப்பேசி எண்ணில் நால்வர் வரை பதியலாம் என்றிருந்ததை 2022 ஜனவரியில் ஆறு பேராக உயர்த்தியது, இத்தகைய குடும்ப நிலையை நிர்வாகம் ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகும். இவர்களுக்கு எண் ஓரிடத்தில் வரும். வேலை வேறோரிடத்தில் நடக்கும். கையால் பதியும் கட்டத்தை நீக்கிவிட்டாலோ, காலக்கெடுவை மிகக் குறைத்துவிட்டாலோ, சேவை இவர்களுக்கு எட்டாக்கனியாகிவிடும்.

சட்டமும் நெறிகளும்

2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவான கொள்கை ஒன்றை வகுத்துள்ளது. குறித்த நோக்கத்துக்கு எவ்வளவு தரவு தேவையோ, அவ்வளவுக்கே இசைவு செல்லும். மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்று கைப்பேசியில் உள்ள தொடர்புப் பட்டியலையும் கேட்டு, பயனாளரும் இசைந்தார் என்று வைத்துக்கொண்டாலும், ஆலோசனைக்கு அப்பட்டியல் தேவையில்லை ஆகையால் இசைவு அதற்குச் செல்லாது என்று அச்சட்டமே உதாரணம் காட்டுகிறது. ஓர் எண்ணுக்காகச் செய்திப் பெட்டி முழுவதையும் கேட்கும் செயலியை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். கடன் வழங்கும் செயலிகள் கைப்பேசியிலுள்ள கோப்புகள், தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவுகள் முதலியவற்றை அணுகலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட நெறிகளும் இதே நோக்கத்தைக் கொண்டவை.

செய்தியை அனுப்பும் பக்கத்திலும் ஒழுங்கு ஏற்பட்டுள்ளது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, அனுப்புவோர் தம் தலைப்பையும் செய்தியின் வாசக அமைப்பையும் முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும். 2021 மார்ச்சில் இவ்விதி முழு அளவில் செயற்படுத்தப்பட்டபோது, பதிந்த வாசகத்தோடு பொருந்தாத செய்திகள் நின்றுபோயின. சரிபார்ப்பு எண்களும் பலருக்குக் கிட்டவில்லை. ஆணையம் மறுநாளே அதை ஒரு வாரம் நிறுத்திவைக்க நேர்ந்தது. வாசகத்தில் 11 குறிகளைச் சேர்ப்பதாயினும், தாய்மொழிக்கு மாற்றுவதாயினும், பதிவையும் உடன் மாற்ற வேண்டும் என்ற பாடம் இதில் அடங்கியுள்ளது. 2025 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி, பண நடவடிக்கை, சேவை, விளம்பரம், அரசு என இனம் காட்டும் ஓர் எழுத்தும் தலைப்பின் இறுதியில் சேர்க்கப்படுகிறது.

குறுஞ்செய்தியே நிரந்தரக் காவல் ஆகிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செய்தி செல்லும் பழைய தொலைபேசிப் பிணையத்தின் பலவீனத்தைப் பயன்படுத்தி, ஜெர்மனியில் வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் களவாடப்பட்டது 2017-இல் வெளியாயிற்று. வேறொருவர் பெயரில் மாற்று சிம் அட்டை வாங்கி எண்ணைக் கைப்பற்றும் மோசடியும் உண்டு. இதனைக் கருதியே, சிம் மாற்றிய ஏழு நாட்களுக்குள் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற இயலாது என்ற விதி 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் குறித்த நெறிகள், இரண்டு சான்றுகள் என்ற அடிப்படையைக் காத்துக்கொண்டே, குறுஞ்செய்தி எண் அல்லாத வேறு வழிகளுக்கும் இடமளிக்கின்றன. கைரேகை, முகம், கைப்பேசிக்குள்ளேயே காக்கப்படும் இரகசியச் சாவி ஆகியவை இவ்வகையின. நெறிகளைப் பின்பற்றாமையால் இழப்பு நேர்ந்தால் வாடிக்கையாளருக்கு அதை முழுமையாக ஈடுசெய்யும் பொறுப்பும் சுமத்தப்பட்டுள்ளது. எனினும் பொத்தான் கைப்பேசியும் பகிர்ந்துகொள்ளும் கைப்பேசியும் இருக்கும்வரை, குறுஞ்செய்தி எண்ணும் இருந்து வரும். எனவே அதை நல்ல முறையில் அமைக்கும் கடமையிலிருந்து விலக முடியாது.

அலுவலர் கேட்க வேண்டியவை

துறை ஒன்று செயலியைச் செய்விக்க ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே சில நிபந்தனைகளை எழுதிவிடலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

முதலாவதாக, செயலி குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கேட்கலாகாது. இயக்க முறைமை தரும் வழிகளையே பயன்படுத்த வேண்டும். இரண்டாவதாக, கையால் பதியும் கட்டம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். மூன்றாவதாக, செய்தியில் நோக்கமும் தொகையும் முதலில் வர வேண்டும்; பயனாளர் தேர்ந்த மொழியில் வர வேண்டும். நான்காவதாக, பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இறுதி இசைவு மனிதரின் விரலிலிருந்தே வர வேண்டும். ஐந்தாவதாக, தலைநகரத்து அலுவலகத்தின் விலையுயர்ந்த கைப்பேசியில் மட்டும் சோதிக்காமல், நினைவகம் குறைந்த மலிவான கைப்பேசியிலும், அலைவரிசை மெலிந்த சிற்றூரிலும், திரைபடிப்பானைப் பயன்படுத்துவோரின் கையிலும் சோதித்த பின்னரே செயலியை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இழப்பு நேர்ந்தபின் செய்ய வேண்டியதையும் செயலியிலேயே குறிப்பிடுவது நலம். 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவித்தால், பணம் கைமாறும் முன் தடுக்க வாய்ப்பு உண்டு. 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த நெறியில், வாடிக்கையாளர் தவறோ வங்கியின் தவறோ இன்றி நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில் பொறுப்பில்லை என்று கூறப்பட்டது. எண்ணைத் தாமே பிறரிடம் சொன்னவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பைத் தாமே ஏற்க வேண்டும் என்றும் அதே நெறி கூறிற்று. செயலி தந்த வசதியால் ஏமாந்தவர் எந்தப் பக்கம் நிற்பார் என்ற வழக்கு எழும்போது, அச்செயலி எத்தகைய அனுமதியைக் கேட்டது, எதைத் திரையில் காட்டிற்று என்பவையே பேசப்படும்.

வசதி என்பது மக்களின் உழைப்பைக் குறைப்பதாக இருக்க வேண்டும். அவர்களுடைய அறிவையும் இசைவையும் கடந்து செல்வதாக இருக்கலாகாது. எண்ணை எடுத்து நிரப்பும் வேலையைக் கருவியிடம் விட்டுவிடலாம். எதற்காக இந்த எண் என்று அறிந்து இசைவு தரும் உரிமை குடிமக்களிடமே இருத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு செயலிகள் அமையுமானால், சில இலக்கங்களைக் கொண்ட அந்தச் சிறு எண் எளியோரின் சேமிப்புக்கும் கண்ணியத்துக்கும் நல்ல காவலாக விளங்கும் என்பதில் ஐயமில்லை.